பெடல்காரி

பள்ளிக்கூடத்துக்கு லேப்டாப் வந்தபோது கரண்டு வந்திருக்கவில்லை. கம்பம் நட்டிருந்தார்கள், கம்பியும் இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பியில் காக்கை உட்கார்ந்ததே தவிர வேறொன்றும் ஓடவில்லை. அனுப்பிய வெளிநாட்டு நிறுவனத்தாருக்கும் இது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு கைப்பிடியைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதைச் சுற்றினால் சார்ஜ் ஏறும். கை ஓயும்வரை சுற்றினால் ஒரு பக்கம் படிக்கலாம். பிள்ளைகள் சுற்றிய சுற்றில் மழைக்காலம் முடிவதற்குள் கைப்பிடிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. பிறகு அவர்களே ஒரு பெடல் மேடையை அனுப்பிவைத்தார்கள். பார்க்கச் சக்கரமில்லாத சைக்கிள் மாதிரி இருக்கும். ஏறி உட்கார்ந்து மிதித்தால், பின்னால் பலகையில் வரிசையாகச் செருகி வைத்த லேப்டாப்புகளுக்குச் சார்ஜ் போகும்.

பெரியவளும் சின்னவளும் அந்த வகுப்பில்தான் படித்தார்கள். கூடப் பிறந்தவர்கள். பெரியவள் ஐந்து வயது மூத்தவள் என்றாலும் இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவர்கள் அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது சின்னவள் கைக்குழந்தை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. பெரியவள்தான் அந்த ஆள். அப்பன் பிழைப்புத் தேடிப் போன ஊரிலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆக, தங்கைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்த பிறகுதான் அக்காவுக்கும் வந்தது.

பெடல் மேடை வந்த புதிதில் எல்லாரும் முறை போட்டுத்தான் மிதித்தார்கள். வாத்தியார் அதில் கண்டிப்பாக இருந்தார். ஆனால் பாதிப் பிள்ளைகள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவர்கள். நாலு மிதிக்குள் முகம் வெளுத்துவிடும். ஒரு நாள் ஒரு பையன் மிதித்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, பழுத்த பழம் மாதிரி பொத்தென்று கீழே விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பிய வாத்தியார், "வெறுங்கை முழம் போடாது, வெறும் வயிறு பெடல் போடாது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அன்று அவன் விட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்தவள் பெரியவள். அவளும் அரை வயிறுதான். ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கியும் தங்கையைச் சுமந்தும் உரமேறிய உடம்பு. அவள் மிதித்த மிதியில் பலகையில் இருந்த சார்ஜ் விளக்குகள் எல்லாம் ஒரே சீராகப் பச்சையாக எரிந்தன. வகுப்பே கைதட்டியது. அதுவரை யாரும் அவளுக்காகக் கைதட்டியதில்லை. பாடத்தில் அவள்தான் கடைசி. எழுத்துகள் அவளுக்கு எறும்பு வரிசை மாதிரி, பார்க்கும்போதே நகர்ந்து போய்விடும். தன்னைவிடச் சிறிய பிள்ளைகள் கடகடவென்று படிக்க, அவள் முதல் வரியிலேயே திணறி நிற்பாள். யாராவது களுக்கென்று சிரிப்பார்கள்.

பெடலில் யாரும் சிரிக்கவில்லை. "அக்கா, என் பெட்டியை முதல்ல போடுக்கா" என்று கெஞ்சினார்கள். பெடல்காரி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது.

வாத்தியார் கெட்டவர் இல்லை. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, வகுப்புல உட்கார்ந்து தூங்கி வழியறதுக்கு நீ வெளிய மிதிச்சாலும் மத்ததுங்களாவது படிக்கும். கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் உனக்குத் தனியா உட்கார்ந்து நானே சொல்லித் தரேன்" என்றார். அவள் உடனே தலையாட்டினாள். சொல்லித் தர வேண்டும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். ஒரே ஆளாக எல்லா வகுப்பையும் கட்டி மேய்க்கிறவர். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை.

பெடல் போடுகிற சத்தம் பாடத்தைக் கெடுக்கிறது என்று மேடையைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வந்தாள், ஆனால் வகுப்புக்குள் வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் செக்குமாடு மாதிரி மிதித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டும் கதையும் அவளுக்குக் கேட்டே மனப்பாடமாகின. சாயங்காலம் சின்னவள் தன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மிச்சமிருக்கும் சார்ஜில் கதை படிப்பாள். சளி பிடித்த யானை ஒன்று தும்மித் தும்மி ஊரில் உள்ள கூரையையெல்லாம் பறக்கவிட்ட கதை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. யானை தும்மும் இடம் வந்தால் பெரியவள் முந்திக்கொண்டு "ஹாச்ச்ச்" என்பாள். துணி துவைத்து ஊறிப்போன விரல்களோடு வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு மகள்களும் அந்த வெளிச்சத்தில் தலையோடு தலை முட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

அந்த வருஷக் கடைசியில் லேப்டாப் கொடுத்தவர்கள் பார்க்க வந்தார்கள். பெற்றோரையும் வரச் சொல்லியிருந்ததால் அம்மா ஷிப்டு மாற்றிக்கொண்டு போனாள். வெள்ளை வேனில் வந்து இறங்கிய வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, பெடலில் இருந்த பெரியவளைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கேமராக்காரன் அவள் காலை, முகத்தை, சுற்றும் பெடலை எல்லாம் மாற்றி மாற்றிப் படம் பிடித்தான். கூட வந்த அதிகாரியும் ஆசைப்பட்டு ஏறி மிதித்தார். தொப்பையைத் தாங்கிய சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போனதுதான் மிச்சம்.

பிறகு அந்த அம்மாள், இந்தப் பெண்ணே தான் மிதித்து ஏற்றிய சார்ஜில் ஒரு கதை படிக்கட்டும், அதைப் படம் பிடிக்கலாம் என்றாள். கூட வந்தவன் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. "தங்கச்சி நல்லாப் படிக்கும் சார், அதைப் படிக்கச் சொல்லலாமே" என்று இழுத்தார். அந்த அம்மாள் விடவில்லை. இவள்தான் வேண்டும் என்றாள்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். திரையில் என்ன இருந்தது என்று பெரியவளுக்குத் தெரியாது. ஒரு படகுப் படம் இருந்தது. அவள் விரலை எழுத்தின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சளி பிடித்த யானையின் கதையைக் கணீரென்று சொல்லி முடித்தாள். தும்மலையும் விடவில்லை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். அவளுக்கு இந்த மொழி தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாத்தியார் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

பின்வரிசையில் நின்ற அம்மா பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து, "என் மூத்தது. என்னமாப் படிக்குது பாரு" என்றாள். ஒரு வாரத்துக்குச் சலவைக்கூடத்தில் அதே பேச்சுதான்.

மறு மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் கஷாயம், மறுநாள் ஈரத்துணி என்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மாவுக்கு விடியற்காலை ஷிப்டு, லீவு கிடையாது. போகாவிட்டால் அந்த இடத்துக்கு வாசலிலேயே வேறு ஆள் காத்திருக்கும். "நீ தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு, டாக்டர் வர்ற நேரத்துக்கு நேரா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிடு. நான் சலவைக்கூடத்து கேட்ல நிக்கறேன், அங்கிருந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நிறுத்தத்தில் அடுத்தடுத்து பஸ் வந்தது. எல்லாம் ஒரே நிறம். எப்போதும் சின்னவள்தான் போர்டைப் பார்த்து, "இதுதான்க்கா, ஏறு" என்பாள். அன்று அவள் அக்காவின் தோளில் கண்மூடிக் கிடந்தாள். பெரியவள் போர்டையே உற்றுப் பார்த்தாள். எறும்புகள் ஊர்ந்தன. பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்டிருக்கலாம். அவன் கையில் லேப்டாப் பை மாதிரி ஒன்று வைத்துக்கொண்டு டிப்டாப்பாக நின்றான். இவ்வளவு வளர்ந்தவளுக்குப் படிக்கத் தெரியாதா என்பானோ என்று வெட்கம். கூட்டம் ஏறிய பஸ்ஸில் அவளும் ஏறினாள்.

அது எதிர்த்திசையில் போகிற பஸ். கண்டக்டர் கூட்டத்தில் அவளிடம் வந்து சேர்வதற்குள் ஊரே தாண்டிவிட்டது. "எங்கம்மா போகணும்?" என்றான். சொன்னாள். "அட, போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கண்ணு தெரியாதா?" என்று கத்தினான். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டான். அங்கே நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. திரும்பி வரும் பஸ் மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பும் என்றார்கள். காய்ச்சலில் உளறும் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு, பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து தாவணியால் விசிறினாள். சின்னவளுக்கு வலிப்பு வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலறினாள். லாரிக்காரன் ஒருவன் நிறுத்தி ஏற்றிக்கொண்டான்.

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது காது போய்விட்டது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா அதை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறாள்.

வார்டு வராந்தாவில் அம்மா பெரியவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போர்டைப் பார்க்கலையாடி? அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிப் படிச்சியே!"

பெரியவள் அழவில்லை. "அது படிச்சது இல்லம்மா. சொன்னது" என்றாள்.

மறுநாள் அம்மா ஈரப்புடவையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாத்தியாரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனவள், அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதும் திணறிப்போனாள்.

"என் பொண்ணை நான் படிக்கத்தானே சார் அனுப்பினேன்?"

"தெரியும்மா."

"மாடா சார் அது? மிதிக்கவா அனுப்பினேன்?"

"உட்காருங்கம்மா." அவர் உட்காரவில்லை. "பெட்டி எத்தனை நேரம் எரிஞ்சதுன்னு அதுவே கணக்கு வெச்சுக்குது. அதை எடுத்து மேல அனுப்பறாங்க. எரியாத பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிடுவாங்க. மூடினா இங்க ஒரு பிள்ளைக்கும் படிப்பு கிடையாது. எல்லாரையும்தான் மிதிக்கச் சொன்னேன். மயங்கி விழுதுங்க. உங்க பொண்ணு விழல." பிறகு, "விழாததுதான் அவ செஞ்ச தப்பு" என்றார்.

"நாளையிலிருந்து உள்ள உட்கார வைங்க சார்" என்று மட்டும் அம்மா கேட்டாள். வாத்தியார் சரி என்றார். சொன்னபடியே செய்தார்.

பெரியவளை முன் பெஞ்சில், அவர் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார். மற்ற பிள்ளைகள் முறை போட்டு மிதிக்க வேண்டும் என்றார். முதல் நாள் பாடம் பாதியில் இருக்கும்போதே பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வெளியே மிதித்த பையன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வாத்தியார், தானும் அவளைப் பார்த்துவிடக் கூடாது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முன்னால் இருந்த திரையில், சின்னப் பிள்ளைகள் படிக்கும் முதல் பாடம் திறந்திருந்தது. அதில் மூன்றாவது எழுத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் திரையும் அணைந்தது.

அவள் எழுந்து வெளியே போய்ப் பெடலில் ஏறிக்கொண்டாள். பச்சை விளக்குகள் எரிந்தன. யாரோ மெதுவாக, "அப்பாடா" என்றார்கள்.

சின்னவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, கேட்கிற காதை அம்மா பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். "நான் வீட்டுல சொல்லித் தரேன்மா" என்றாள். சொல்லியும் கொடுத்தாள். பெரியவளுக்கு விளக்கைப் பார்த்ததும் கண் சொருகும். பகலெல்லாம் மிதித்த கால், பாயில் நீட்டியதும் செத்த கட்டை. சின்னவள் அவள் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் ஓட்டுவாள். விரல் ஓடும், ஆள் தூங்கியிருப்பாள்.

இவ்வளவு பட்ட பாட்டுக்குப் பெட்டிகளாவது நிலைத்திருக்கலாம். பேட்டரிகள் வீங்கத் தொடங்கின. முதலில் ஒரு காலைப் பொழுது மிதித்தால் ஒரு பாடம் ஓடியது. பிறகு அரைப் பாடம். பிறகு, மிதிப்பதை நிறுத்தினால் அடுத்த மூச்சில் திரை கறுத்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றால் இதுதான். புதுப் பேட்டரி கேட்டு வாத்தியார் எழுதிப்போட்டார். திட்டம் முடிந்துவிட்டது, இப்போது வேறு நாட்டில் வேறு திட்டம் நடக்கிறது என்று பதில் வந்தது. பெரியவள் பெடலில் சிரிக்கும் படம் எங்கோ ஒரு பெரிய மண்டபத்தில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறார்களாம். வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. பெட்டிகளை ஓர் அறையில் அடுக்கிப் பூட்டினார்கள். பெடல் மேடையைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

அதை வாங்கியது அம்மாவின் தம்பி. மார்க்கெட் தெருவில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். கரண்டு வராத ஊர், எல்லார் கையிலும் போன். சார்ஜ் போட்டுக் கொடுத்தால் கூட்டம் அலைமோதும் என்று அவனுக்கு மூளை வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சுற்றி வளைத்துப் பேசினான்.

"அக்கா, இவ சும்மாதானே வீட்டுல இருக்கா?"

"சும்மா இல்லடா. ஸ்கூலுக்குப் போவா."

"எதுக்கு? எழுத்துக் கூட்டவே வரல. நான் வேற ஆளைப் போட்டா ரெண்டு நாளுல ஓடிடுவான். இவ நம்ம வீட்டுப் பொண்ணு. மத்தியானம் சோறு என் வீட்டுல. கண்ணு முன்னாடி இருப்பா."

"போடா வெளிய" என்றாள் அம்மா. அவன் போகவில்லை, டீயை நிதானமாகக் குடித்தான்.

பெரியவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, அதே பெடலா?" என்றாள்.

"அதேதான்மா. எண்ணெய் போட்டு ஜோராப் பண்ணியிருக்கேன்."

"நான் போறேம்மா" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் தடுத்திருப்பாள்.

கடையில் அவளுக்கு நல்ல பேர். காலையில் ஏறினால் இருட்டும்வரை மிதிப்பாள். எந்தப் போன் யாருடையது என்று மாமா சீட்டு எழுதி ஒட்டினான். அவளால் படிக்க முடியவில்லை என்று தெரிந்ததும், கடிந்து பேசாமல் தையற்கடையிலிருந்து கலர் நூல் வாங்கி வந்து, ஒரே கலரில் போனுக்கு ஒரு துண்டு, அதைத் தந்தவர் கைக்கு ஒரு துண்டு என்று கட்டினான். சிவப்பு நூல்காரர், மஞ்சள் நூல்காரம்மா என்று ஆட்களை அவள் அப்படித்தான் சொன்னாள். ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று, அம்மா வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தாள். பெரியவள் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"புது சார் நல்லவராம். உன்னைச் சேர்த்துக்கச் சொல்லி நான் கேட்கறேன். வரியாடி?"

"இப்ப ஸ்கூல்ல பெட்டி எரியுதாம்மா?"

"இல்ல. எல்லாம் பூட்டித்தான் கிடக்கு. பழையபடி சிலேட்டுதான்."

"அப்ப நான் அங்க வந்து என்னம்மா செய்யறது?" என்றாள் பெரியவள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

யாரோ ஒரு போனை நீட்டினார்கள். பெரியவள் மிதிப்பதை நிறுத்தாமலே கையை நீட்டி வாங்கி, நீல நூலை ஒரு முடிச்சுப் போட்டு, பலகையில் செருகினாள். அம்மா தெருவில் இறங்கி, சின்னவள் தனியாக இருப்பாள் என்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.